ஒஷாவாவில் என்ன இருக்கிறது?

இந்தத் தை மாதக் குளிரில் கார்க் கண்ணாடியைச் சுரண்டிவிட்டு வந்து சேர்ந்திருக்கிற என் உறவுகளே! மெக்கானிக்கல் பிள்ளைகள் ஏன் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறீர்கள்? முன்னுக்கு வாருங்கள். இன்றைக்கு முன்வரிசை உங்களுக்கு. அமைப்புகளின் தலைவர்கள் ஒரு நாளைக்குப் பின்வரிசையில் இருக்கட்டும். தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்!

ஒன்ராறியோ ரெக் பல்கலைக்கழகத்தின் இயந்திரப் பொறியியல் துறையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசத்தான் வந்தேன். ஆனால் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ரொறன்ரோப் பக்கத்து மேடை ஒன்றில் ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார்: "ஒஷாவாவில் அப்படி என்ன இருக்கிறது? குதிரைப் பண்ணைக்குள்ளே கட்டின கம்பஸ்தானே!" பெயர் சொல்லமாட்டேன். சொல்லாமலே உங்களுக்குத் தெரியும்.

ஆமாம் ஐயா, குதிரைப் பண்ணைதான்! அந்தப் பண்ணையின் கதையை நீங்கள் கேட்டதில்லை, நான் சொல்கிறேன். பண்ணையின் பெயர் விண்ட்ஃபீல்ட்ஸ். 1961 மே மாதம் அங்கே ஒரு குட்டி பிறந்தது. ஆள் கட்டை. ஒரு வயதானதும் 25,000 டொலர் விலை போட்டு நிறுத்தினார்கள். வந்தவன் எல்லாம் சுற்றிப் பார்த்தான், உயரம் போதாது என்றான், போய்விட்டான். ஒருவரும் வாங்கவில்லை. பண்ணைக்காரர் ஈ. பி. டெய்லர் தானே வைத்துக்கொண்டார். 1964-ல் அந்தக் கட்டைக் குதிரை அமெரிக்காவுக்குப் போய் கென்டக்கி டேர்பியை வென்றது. எத்தனை நிமிடம்? சரியாக இரண்டு நிமிடம்! அதுவரை அந்தப் பந்தயத்தை அவ்வளவு வேகமாக எந்தக் குதிரையும் ஓடி முடித்ததில்லை. கனடாவில் பிறந்து அதை வென்ற முதல் குதிரையும் அதுதான். நோர்தர்ன் டான்சர். 1990-ல் அது அமெரிக்காவில் இறந்தபோது உடலை இங்கே, இதே ஒஷாவா மண்ணுக்குக் கொண்டுவந்து புதைத்தார்கள். அன்றைக்கு வாங்காமல் போனவர்களின் பெயர் இந்த மண்டபத்தில் யாருக்காவது தெரியுமா? (கை தட்டல்)

இந்தப் பல்கலைக்கழகமும் அந்தக் குட்டி மாதிரித்தான். 2002-ல் ஒன்ராறியோ சட்டமன்றம் சட்டம் போட்டது. 2003 செப்டெம்பரில் முதல் மாணவர்கள் உள்ளே வந்தார்கள். நூற்றாண்டு, இரண்டு நூற்றாண்டு என்று சொல்லிக்கொள்கிற பல்கலைக்கழகங்களுக்குப் பக்கத்தில் நேற்றுப் பிறந்த பிள்ளை. என்ன செய்தது இந்தப் பிள்ளை? பின்வரிசைக்கும் கேட்கவேண்டும், கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறேன்.

2011-ல் இங்கே ஒரு காற்றுச் சுரங்கம் திறந்தார்கள். ஏஸ் என்று பிள்ளைகள் சொல்வார்கள். காரை உள்ளே நிறுத்துவார்கள். சில்லுகளுக்குக் கீழே உருளைகள் இருக்கும். கார் நின்ற இடத்திலேயே நெடுஞ்சாலை வேகத்தில் ஓடும். எதிரே மணிக்கு 240 கிலோமீட்டருக்கு மேல் காற்று அடிக்கும். உறைபனிக்குக் கீழே 40 பாகைக்கும் கொண்டுபோவார்கள், மேலே 60 பாகைக்கும் கொண்டுபோவார்கள். பனி கொட்டும், மழை பெய்யும், வெயில் எரிக்கும். ஆடி மாதத்தில் உள்ளே போய்த் தை மாதத்தைப் பார்த்துவிட்டு வரலாம்! கனடாவின் உதிரிப்பாகக் கம்பனிகள் சேர்ந்து, முழுக்க முழுக்க இந்த நாட்டுப் பொறியியலால் ஒரு மின்கார் செய்து காட்டுவோம் என்று புறப்பட்டார்களே, புராஜெக்ட் ஏரோ, அந்தக் காரை எங்கே பூட்டினார்கள்? இங்கே! 2023 ஜனவரியில் லாஸ் வேகஸ் கண்காட்சியில் உலகமே பார்த்தது. என்ன இருக்கிறது என்று கேட்டவர் அன்றைக்குத் தொலைக்காட்சியை அணைத்து வைத்திருந்தாரோ என்னவோ!

இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாதது. கம்பஸ் முற்றத்துக்குக் கீழே 384 துளைகள். ஒவ்வொன்றும் சுமார் 200 மீட்டர் ஆழம். கோடையில் கட்டடங்களின் சூட்டை நிலத்துக்குள்ளே இறக்கிச் சேமிக்கிறார்கள். மாரியில் அதே சூட்டை மேலே இழுத்து வகுப்பறைகளைச் சூடாக்குகிறார்கள். பொறியியல் பீடத்தின் முதல் பீடாதிபதி மார்க் ரோசன், பேராசிரியர் இப்ராஹிம் டின்சர் போன்றவர்கள் இந்த அமைப்பை அளந்து, கணக்குப் பார்த்து, ஆய்வுக் கட்டுரைகள் எழுதி உலகத்துக்குச் சொன்னார்கள். தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்க, செம்பையும் குளோரினையும் வைத்து ஒரு வழியையும் இங்கே ஆராய்ந்தார்கள். வெறும் வெப்பத்தால் தண்ணீரைப் பிரிக்க வேண்டுமென்றால் 2,000 பாகைக்கு மேல் போகவேண்டும். இந்த வழியில் 500 பாகையை ஒட்டி நின்றால் போதும். அணு உலையின் வெப்பத்தைக்கூட இதற்குத் திருப்பிவிடலாம். பக்கத்தில் டார்லிங்டனில் நான்கு அணு உலைகள், அந்தப் பக்கம் பிக்கரிங். ஆய்வுகூடத்துக்கு வேறு எந்த ஊர் பொருத்தம்?

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கலாம். ஆனால் மூன்றாவது வரிசையில் கம்பளித் தொப்பியோடு ஒருவர் இருக்கிறார். அவரை நேரே பார்க்கமாட்டேன், பார்த்தால் எழும்பிப் போய்விடுவார். "தம்பி, என்ரை பேரை மட்டும் சொல்லிப்போடாதை" என்று வாசலிலேயே கையைப் பிடித்துவிட்டார். பெயர் சொல்லவில்லை அண்ணை. கதையைச் சொல்லாமல் விடமாட்டேன்.

இந்த அண்ணை இலங்கையில், பேராதனையில் மெக்கானிக்கல் படித்தவர். எந்தக் காலத்தில்? தரப்படுத்தல் வந்த காலத்தில். 1971-ல் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குப் போக, 400-க்குச் சிங்கள மொழி மூலம் எழுதின பிள்ளைக்கு 227 போதும். தமிழ் மொழி மூலம் எழுதின பிள்ளைக்கு 250 வேண்டும். அந்த 23 புள்ளிச் சுவரை ஏறிக் குதித்துப் போனவர் இவர். பிறகு காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை. வீடு அகலத்துக்கு உருண்டுகொண்டிருக்கும் அந்தச் சூளைக்குப் பக்கத்தில் நின்று, சத்தத்தை வைத்தே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொன்ன கை. பிறகு யுத்தம். பிறகு கனடா.

இங்கே வந்து ஒரு கம்பனிக்கு விண்ணப்பம் போட்டார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து ஒரே கேள்வி: "கனேடிய அனுபவம் இருக்கிறதா?" இல்லை. "அது இருந்தால் வாருங்கள்." வேலை தந்தால்தானே அனுபவம் வரும்? அனுபவம் இருந்தால்தான் வேலை என்றால் மனிதன் எங்கே போவான்? இந்த மண்டபத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காத வீடு எத்தனை? கையை உயர்த்துங்கள் பார்ப்போம்! ... ஒரு கையும் இல்லை. எனக்குத் தெரியும்.

அவர் கார் உதிரிப்பாகம் செய்கிற பட்டறையில் இரவு வேலைக்குப் போனார். லேத்துக்கு முன்னால் இருபது வருடத்துக்கு மேல். பொறியியலாளர் வரைந்த படத்தில் பிழை இருந்தால் இவர்தான் முதலில் கண்டுபிடிப்பார். பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். சம்பளச் சீட்டுக்கு மட்டும் தெரியாது. ஒன்ராறியோவில் பொறியியலாளர் உரிமத்துக்கு வேண்டியிருந்த 12 மாதக் கனேடிய அனுபவம் என்கிற நிபந்தனை எப்போது நீங்கியது தெரியுமா? 2023 மே மாதம்! நீங்கியது நல்லது, வரவேற்கிறேன், நேற்று வந்த பிள்ளைகளுக்கு வழி திறந்தது. ஆனால் அண்ணைக்கு அன்றைக்கு எழுபது தாண்டிவிட்டது. அந்த வருடங்களை யார் திருப்பிக் கொடுப்பது?

எங்கள் மேடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாருக்காவது கோபம் வந்தால் வரட்டும். டாக்டருக்குப் பொன்னாடை, லோயருக்குப் பொன்னாடை, தேர்தலுக்கு நிற்பவருக்கு நிற்பதற்கு முன்னமே பொன்னாடை. ஒரே மனிதருக்கு ஒரே மாதத்தில் நாலு மண்டபத்தில் பொன்னாடை போட்டிருக்கிறீர்கள்! லேத்தில் நின்ற ஒரு தமிழனுக்கு ஒரு பொன்னாடை விழுந்து யாராவது பார்த்தீர்களா? ஒஷாவாவில் என்ன இருக்கிறது என்று கேட்ட பெரியவரே, உங்கள் கார் கதவின் பிணைச்சலை இந்த அண்ணை மாதிரி ஒரு ஆள்தான் கடைந்திருப்பார். அதைத் திறந்துகொண்டுதான் நீங்கள் மேடைக்குப் போகிறீர்கள்! (கை தட்டல்) போதும், போதும், நேரம் போகிறது.

இந்த ஊரே கைத்தொழில் செய்தவர்களின் ஊர். 1876-ல் மக்லாக்லின் குடும்பம் குதிரை வண்டி செய்யும் பட்டறையை இங்கே கொண்டுவந்தது. 1907-ல் அதே குடும்பம் மோட்டார் கார் செய்யத் தொடங்கியது. 1918-ல் அது ஜெனரல் மோட்டர்ஸ் ஆஃப் கனடா ஆனது. 1937 ஏப்ரலில் ஏறக்குறைய 4,000 தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து எட்டு மணி நேர வேலையை வாங்கிக்கொண்டார்கள். மாகாண முதல்வரே எதிர்த்து நின்றும் அசையவில்லை. 2019 டிசம்பரில் கார் பூட்டுகிற வேலை நின்றது, 2021 நவம்பரில் திரும்பத் தொடங்கியது. தொழிற்சாலை மூடும், திறக்கும். வேலை தெரிந்த கை இந்த ஊரை விட்டுப் போகவில்லை.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். போன வருடம் பிள்ளைகளின் பட்டறைக்கு இந்த அண்ணையைக் கூட்டிக்கொண்டு போனேன். அவருடைய பேத்தி அங்கே மூன்றாம் வருடம், மெக்கானிக்கல். பந்தயக் காருக்கு ஒரு அச்சுத் தண்டு கடைந்து வைத்திருந்தார்கள். கணினியில் வரைந்த படம் அவ்வளவு வடிவு. ஆனால் கடைந்த தண்டின் மேலே அலை அலையாக வரி. பிள்ளைகள் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்கள், கூட்டிப் பார்த்தார்கள், வரி போகவில்லை. அண்ணை கண்ணாடியைக் கழற்றினார். பெருவிரல் நகத்தைத் தண்டின் மேலே மெதுவாக ஓடவிட்டார். பிறகு லேத்தைப் பார்த்தார். "பிள்ளை, உளி வெளியாலை கூட நீட்டிக்கொண்டு நிக்குது. அதுதான் நடுங்குது. உள்ளுக்கு இழுத்துப் பூட்டு. தண்டின்ரை மற்ற நுனிக்கும் ஒரு தாங்கல் குடு." செய்தார்கள். அடுத்த தண்டு கண்ணாடி மாதிரி வந்தது. அங்கே நின்ற வெள்ளைக்காரப் பெடியன், சீனப் பெடியன், எங்கள் பேத்தி, எல்லோரும் அண்ணையைச் சுற்றிக்கொண்டார்கள். சாப்பாட்டு நேரம் முடிந்தும் விடவில்லை. அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

அஜாக்ஸில், பிக்கரிங்கில், விற்பியில், இந்த ஒஷாவாவில் இப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள்! மோல்ட் செய்தவர்கள், வெல்டிங் செய்தவர்கள், கொதிகலன் பார்த்தவர்கள், தர சோதனையில் மைக்ரோமீட்டரோடு நின்றவர்கள். வீட்டில் இருந்து தொடர் நாடகம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பத்து நிமிட தூரத்தில் பல்கலைக்கழகம். அங்கே நாலாம் வருடப் பிள்ளைகள் இறுதிச் செயல்திட்டத்துக்கு இயந்திரம் செய்கிறார்கள், சொல்லிக்கொடுக்க அனுபவம் உள்ள ஆள் தேடுகிறார்கள். இரண்டு பக்கமும் ஒன்றை ஒன்று பார்த்ததே இல்லை! ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கைக்கு 30 இலட்சம் டொலர் வேண்டும் என்றபோது உலகம் முழுவதும் இருந்து அள்ளிக் கொடுத்த இனம் நாங்கள். 2021-ல் அது நிறைந்தது. இன்றைக்கு நான் காசு கேட்கவில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை கேட்கிறேன். உங்கள் கைக்குள் இருக்கிற வேலையைக் கேட்கிறேன்.

பெற்றோரே, உங்களிடமும் ஒன்று. மகள் மெக்கானிக்கல் படிக்கப் போகிறேன் என்றால் "எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த வேலை, உனக்கு எதற்கு?" என்று கேட்காதீர்கள். இந்த நாட்டில் பொறியியலாளர் ஆகிறவர்கள் சுண்டுவிரலில் ஒரு மோதிரம் போடுவார்கள், பார்த்திருக்கிறீர்களா? இரும்பு மோதிரம். 1925-ல் தொடங்கிய வழக்கம், நூறு வருடம் ஆகிவிட்டது. வேலை செய்கிற கையின் சுண்டுவிரலில் போடவேண்டும். படம் வரையும்போது தாளில் உரசும். கையெழுத்துப் போடும்போது மேசையில் தட்டும். என் வேலை பிழைத்தால் ஒரு உயிர் போகும் என்று அது ஒவ்வொரு முறையும் சொல்லும். 1907-ல் கியூபெக் பாலம் கட்டிக்கொண்டிருக்கும்போதே விழுந்து 75 பேர் செத்த நாடு இது. மோதிரத்தின் பொறுப்பை விளையாட்டாக எடுக்கமாட்டார்கள். அடுத்த வருடம் அண்ணையின் பேத்தி அதைப் போடப்போகிறாள். பேராதனையில் படித்து, காங்கேசன்துறையில் சூளை பார்த்து, இங்கே இருபது வருடம் லேத்தில் நின்ற கைக்கு அந்த மோதிரம் கிடைக்கவில்லை. அந்தக் குறை எனக்கு ஆறவில்லை, ஆறவும் மாட்டாது. ஆனால் அந்தக் கை சொல்லிக்கொடுத்த பிள்ளையின் விரலில் அது ஏறப்போகிறது. அன்றைக்கு இந்த மண்டபத்தையே திரும்ப எடுப்போம், பொன்னாடையும் வாங்கிவைப்போம். முதல் பொன்னாடை யாருக்கு என்று நான் சொல்லவேண்டுமா? (நீண்ட கை தட்டல்)

இருங்கள் அண்ணை, எழும்பவேண்டாம், பெயர் சொல்லவில்லையே!

கதவுக்குப் பக்கத்து மேசையில் ஒரு தாள் வைத்திருக்கிறோம். பெயர், தொலைபேசி எண், என்ன வேலை தெரியும், எந்தச் சனிக்கிழமை வரலாம். நாலே நாலு கட்டம். இங்கிலீஷ் தெரியவேண்டும் என்று எழுதவில்லை, பட்டம் வேண்டும் என்று எழுதவில்லை, கனேடிய அனுபவம் வேண்டும் என்று நிச்சயமாக எழுதவில்லை! சாப்பாட்டுக்கு முன்னமே எழுதிவிடுங்கள். நாலாம் வருடப் பிள்ளைகள் நாலு பேர் அந்த மேசையடியில் நிற்கிறார்கள், தாங்கள் செய்கிற இயந்திரத்தின் படத்தையும் கொண்டுவந்திருக்கிறார்கள். பார்த்து, பிழை இருந்தால் சொல்லுங்கள்.