அல்லாஹ்வின் வாக்கும் நாம் குறிக்கும் நாளும்

புகழனைத்தும் அகில உலகங்களையும் படைத்துப் பரிபாலித்து வரும் வல்ல நாயன் அல்லாஹ்வுக்கே உரியன. அவனுடைய ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் தூய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக! முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு வஸிய்யத் செய்து என் உரையைத் தொடங்குகிறேன்.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே!

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, இஷா தொழுகை முடிந்து பள்ளியின் விளக்குகளை அணைத்துக் கொண்டிருந்த நேரம். நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒருவர் தூணோரம் தனியே அமர்ந்திருந்தார். வியாபாரம் நொடித்துப் போய், கடன் சுமை ஏறி, வளர்ந்த பெண்மக்களை வீட்டில் வைத்துக்கொண்டு தவித்து வந்தவர். என்னைக் கண்டதும் எழுந்து வந்து, "ஹஜ்ரத், ஏழு வருடமாகத் தஹஜ்ஜுத்தில் எழுந்து கேட்கிறேன். கேட்டால் கொடுப்பேன் என்று அல்லாஹ் வாக்களித்திருக்கிறானே, என் விஷயத்தில் மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டார். நான் சாவிக் கொத்தைக் கையில் வைத்துக்கொண்டே, "ஸப்ர் செய்யுங்கள் பாய், அல்லாஹ் பொறுமையாளர்களுடன் இருக்கிறான்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அதன் பிறகு மூன்று ஜுமுஆக்களில் அவரைக் காணவில்லை. நான்காவது வாரம் மனம் உறுத்தி, அவருடைய வீட்டுக்குச் சென்றேன். அவர் சொன்ன சொல் இன்றும் என் காதில் ஒலிக்கிறது. "நான் அல்லாஹ்வை விட்டுப் போகவில்லை ஹஜ்ரத். அன்றிரவு நீங்கள் சொன்ன பதிலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை."

நான் சொன்னது பொய்யன்று, குர்ஆன் சொல்வதுதான். ஆயினும் ஏழு வருட வேதனைக்கு ஏழு நொடிகளில் பதில் சொல்லிவிட்டேன். அன்று அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டியதை இன்று உங்கள் அனைவரின் முன்னிலையிலும் சொல்ல விரும்புகிறேன்.

ஹுதைபிய்யாவில் நடந்தது

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு, துல்கஅதா மாதம் (கி.பி. 628). பெருமானார் (ஸல்) அவர்கள் தம் தோழர்களுடன் கஅபாவுக்குள் நுழைவதாகக் கனவு கண்டார்கள். நபிமார்களின் கனவு வஹீயாகும். ஆகவே சுமார் 1,400 ஸஹாபாக்கள் இஹ்ராம் அணிந்து, பலிப் பிராணிகளை ஓட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். பிறந்த மண்ணைவிட்டு விரட்டப்பட்டு ஆறு ஆண்டுகள் கடந்துவிட்டன. அவர்களுடைய உள்ளங்களில் பொங்கிய ஆவலை நாம் அளவிட முடியாது.

ஆனால் மக்காவின் வாசலில், ஹுதைபிய்யாவில், குறைஷிகள் தடுத்துவிட்டனர். பேச்சுவார்த்தை நடந்து ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. இந்த ஆண்டு திரும்பிச் செல்ல வேண்டும்; அடுத்த ஆண்டு வந்து மூன்று நாட்கள் மட்டும் தங்கலாம்; மக்காவிலிருந்து எவரேனும் தம் பொறுப்பாளரின் அனுமதியின்றி முஸ்லிம்களிடம் வந்தால் அவரைத் திருப்பி அனுப்ப வேண்டும்; பத்து ஆண்டுகள் போர் கிடையாது. எழுதி முடிப்பதற்குள் அபூஜந்தல் (ரலி) அவர்கள் கால் விலங்குகளை இழுத்துக்கொண்டு வந்து முஸ்லிம்களின் நடுவே விழுந்தார்கள். இஸ்லாத்தை ஏற்றதற்காகச் சிறை வைக்கப்பட்டவர் அவர். குறைஷிகளின் சார்பில் உடன்படிக்கை பேசிய ஸுஹைல் இப்னு அம்ருடைய மகன்தான் அவர். அவரும் திருப்பி அனுப்பப்பட்டார். ஸஹாபாக்கள் கண்ணீருடன் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சகோதரர்களே! கனவு உண்மை; கண்டவர் உண்மையாளர்; ஆனால் கண்ணெதிரே நடப்பதோ அதற்கு நேர்மாறு. ஈமான் கொண்ட உள்ளத்திற்கு இதைவிடக் கடுமையான நேரம் எது?

கேள்வி கேட்டவர் உமர் (ரலி)

உமர் (ரலி) அவர்களால் தாங்க முடியவில்லை. நேராகப் பெருமானாரிடம் சென்றார்கள். தாங்கள் உண்மையான நபியல்லவா, நாம் சத்தியத்தில் இல்லையா என்றெல்லாம் கேட்டுவிட்டு, நாம் கஅபாவுக்குச் சென்று தவாஃப் செய்வோம் என்று தாங்கள் சொல்லவில்லையா என்றும் கேட்டார்கள். ஆம், சொன்னேன், ஆனால் இந்த ஆண்டே என்று சொன்னேனா என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். இல்லை என்றார்கள் உமர் (ரலி). அப்படியானால் நீர் நிச்சயம் அங்கு வருவீர், தவாஃபும் செய்வீர் என்று உறுதி கூறினார்கள் நபியவர்கள். பிறகு அபூபக்ர் (ரலி) அவர்களிடம் சென்று கேட்டபோதும் உமர் (ரலி) அவர்களுக்கு அதே பதில்தான் கிடைத்தது. ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள செய்தி இது.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று: அல்லாஹ்வின் வாக்கு ஒருபோதும் பொய்யாகவில்லை. வாக்கோடு "இந்த ஆண்டு" என்ற சொல்லை நாமாகச் சேர்த்துக்கொண்டோம். பொய்த்தது அந்தச் சொல்தான். நம்முடைய மனச்சோர்வில் பெரும்பகுதி இங்கிருந்தே பிறக்கிறது. நாளை நாம் குறிக்கிறோம். அந்த நாள் கடந்ததும் வாக்கையே சந்தேகிக்கிறோம்.

இரண்டாவது: வேதனையால் கேள்வி கேட்டதற்காக உமர் (ரலி) அவர்களை எவரும் ஈமானற்றவர் என்று சொல்லவில்லை. அவர்கள் கேள்வியை எடுத்துக்கொண்டு நபியிடம் வந்தார்கள். கேள்வியைச் சாக்காக வைத்து விலகிச் செல்லவில்லை. அன்று தாம் பேசிய விதத்துக்காகப் பின்னர் வருந்தி, பல நல்லமல்கள் செய்ததாக அவர்களே கூறியிருக்கிறார்கள். கேள்வி எழுவது மனித இயல்பு. அதை எந்த வாசலுக்கு எடுத்துச் செல்கிறோம் என்பதில்தான் ஈமான் இருக்கிறது.

அழுது காத்திருந்த ஒரு பெண்மணி

உடன்படிக்கை முடிந்ததும் எழுந்து பலியிட்டுத் தலைமுடி களையுமாறு நபியவர்கள் மூன்று முறை கட்டளையிட்டார்கள். ஒருவரும் எழவில்லை. துக்கம் அவர்களை அப்படி அழுத்தியிருந்தது. கூடாரத்துக்குள் சென்ற பெருமானாரிடம், யாரிடமும் ஒன்றும் பேசாமல் வெளியே சென்று முதலில் தாங்களே பலியிட்டு முடி களையுங்கள் என்று ஆலோசனை சொன்னவர்கள் அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள். நபியவர்கள் அவ்வாறே செய்தார்கள். உடனே அனைவரும் எழுந்தார்கள்.

அந்த அன்னை யார்? ஹிஜ்ரத்தின்போது கணவரிடமிருந்தும் கைக்குழந்தையிடமிருந்தும் பிரிக்கப்பட்டு, ஏறத்தாழ ஓராண்டு காலம் நாள்தோறும் அப்தஹ் என்னும் இடத்துக்குச் சென்று மாலைவரை அமர்ந்து அழுதவர்கள். காத்திருப்பின் கசப்பைக் குடித்தவர்களுக்குத்தான், சோர்ந்து போனவர்களை நீண்ட பேச்சு எழுப்பாது, முன்னால் நடந்து காட்டுவதுதான் எழுப்பும் என்று தெரிந்திருந்தது. வீட்டில் நம்மை நம்பி இருப்பவர்கள் சோர்ந்து கிடக்கும்போது, இந்தப் பாடத்தை நம் தாய்மார்களுக்கும் நாம் எடுத்துச் சொல்ல வேண்டும். நாமும் கற்க வேண்டும்.

திரும்பும் வழியில் அல்ஃபத்ஹ் அத்தியாயம் இறங்கியது. தோல்வி என்று நினைத்துக் கலங்கியதையே தெளிவான வெற்றி என்று அல்லாஹ் அறிவித்தான். தன் தூதரின் கனவை உண்மையாக்கியதையும், அவர்கள் அறியாததைத் தான் அறிந்திருப்பதையும் எடுத்துரைத்தான் (48:27). அடுத்த ஆண்டே ஸஹாபாக்கள் உம்ரா செய்தார்கள். போர் நின்றதால் மக்கள் அச்சமின்றிக் கலந்து பழகி, இஸ்லாத்தைக் கேட்டறிந்தார்கள். ஹுதைபிய்யாவுக்கு வந்தவர்கள் சுமார் 1,400 பேர். இரண்டே ஆண்டுகளில், ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு ரமளானில், மக்கா வெற்றிக்கு வந்தவர்கள் 10,000 பேர்! விலங்கோடு திருப்பி அனுப்பப்பட்ட அபூஜந்தல் (ரலி) அவர்களும் பிறகு தப்பி, கடற்கரையோரம் இருந்த அபூபஸீர் (ரலி) அவர்களுடன் சேர்ந்தார்கள். கடைசியில் அந்த நிபந்தனையை நீக்கிவிடுமாறு குறைஷிகளே கேட்டு வந்தார்கள். எந்தக் கதவு அடைபட்டது என்று அழுதார்களோ, அதன் வழியாகவே அல்லாஹ் விடியலைக் கொண்டு வந்தான்.

வாக்களித்தது என்ன?

அன்புச் சகோதரர்களே! இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். அல்லாஹ் எதை வாக்களித்தானோ அதைத்தான் நாம் நம்ப வேண்டும். அழைப்பவனுக்குப் பதிலளிப்பதாக வாக்களித்திருக்கிறான் (2:186). தக்வா உடையவனுக்கு ஒரு வழியை உண்டாக்குவதாகவும், அவன் எண்ணாத புறத்திலிருந்து உணவளிப்பதாகவும் வாக்களித்திருக்கிறான் (65:2,3). கஷ்டத்துடன் இலகுவும் இருப்பதாக இருமுறை கூறியிருக்கிறான் (94:5,6). பொறுமையாளர்களுக்குக் கணக்கின்றிக் கூலி தருவதாகவும் வாக்களித்திருக்கிறான் (39:10).

ஆனால், இந்த மாதம் விசா வரும், இந்த வருடம் கடன் தீரும், இந்த மாப்பிள்ளையே அமைவார் என்று அவன் எங்கும் வாக்களிக்கவில்லை. அச்சத்தாலும் பசியாலும், பொருள், உயிர், விளைச்சல் ஆகியவற்றின் இழப்பாலும் சோதிப்போம் என்று முன்கூட்டியே அறிவித்தும்விட்டான் (2:155). பாவமில்லாத துஆவுக்கு மூன்றில் ஒன்று நிச்சயம் உண்டு என்று நபிமொழி கூறுகிறது: கேட்டது விரைவில் கிடைக்கும், அல்லது மறுமைக்காகச் சேமித்து வைக்கப்படும், அல்லது அதற்கு நிகரான ஒரு தீங்கு தடுக்கப்படும். அப்படியென்றால் அந்தச் சகோதரரின் ஏழு வருடத் தஹஜ்ஜுத்தில் ஓர் இரவுகூட வீணாகவில்லை. ஆனால் அந்தக் கணக்குப் புத்தகம் நம் கையில் இல்லை.

துக்கம் பொறுமைக்கு எதிரானதா?

நபி யஃகூப் (அலை) அவர்களைப் பாருங்கள். யூஸுஃப் (அலை) அவர்கள் சிறுவயதில் கண்ட கனவு நிறைவேற எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதில் விரிவுரையாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நாற்பது என்றோரும் உளர். எண்பது என்றோரும் உளர். குறைவானதை எடுத்துக்கொண்டாலும் ஒரு தலைமுறைக் காலம்! அந்தத் தந்தை அழுதார்கள். துக்கத்தால் கண்கள் வெளுத்துப் போயின (12:84). ஆயினும் குர்ஆன் அவர்களுடைய பொறுமையை அழகிய பொறுமை என்கிறது. தம் கவலையையும் துக்கத்தையும் அல்லாஹ்விடமே முறையிடுவதாக அவர்கள் சொன்னார்கள் (12:86). ஆகவே கண்ணீர் விடுபவரைப் பார்த்து, "உங்களுக்கு ஈமான் குறைவு" என்று சொல்லாதீர்கள்.

அதே யஃகூப் (அலை) அவர்கள் அழுதுகொண்டே மூலையில் அமர்ந்துவிடவுமில்லை. போய் யூஸுஃபையும் அவருடைய சகோதரரையும் தேடுங்கள், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று மக்களை அனுப்பினார்கள் (12:87). கண் பார்வை போன பிறகும் தேடச் சொல்கிறார்கள். அதுதான் தவக்குல். கடையைத் திறக்க வேண்டும், வேலைக்கு மனுப் போட வேண்டும், நோய்க்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதன் பிறகு விளைவை அவனிடம் விட வேண்டும்.

துஆவையும் நிறுத்தக் கூடாது. கேட்டேன், கேட்டேன், கிடைக்கவில்லை என்று அவசரப்பட்டுக் கைவிடாதவரை அடியானின் துஆ ஏற்கப்படுகிறது என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள்.

நமக்கும் ஒரு கடமை

இறுதியாக, துன்பத்தில் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பொறுமை என்பது துன்பப்படுபவர் சுமக்க வேண்டியது. அவரிடம் பொறுமையைப் போதிப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. கடன்பட்டவர் சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள், தள்ளுபடி செய்வது அதைவிட மேல் என்கிறது திருமறை (2:280). அந்தச் சகோதரருக்குக் கடன் கொடுத்தவர்களில் சிலரும் இதே பள்ளியில், இதே ஸஃப்பில்தான் நின்று கொண்டிருந்தார்கள். அல்லாஹ்விடமிருந்து அவர் கேட்ட இலகுவை அவன் நம் கைகளில் வைத்திருந்தான். நாம்தான் கைகளை மூடி வைத்திருந்தோம்.

அன்று அவருடைய வீட்டிலிருந்து திரும்பியபின், கடன் கொடுத்தவர்களை ஒருவர் பின் ஒருவராகச் சந்தித்தேன். ஒருவர் தம் தொகையை விட்டுக் கொடுத்தார், இருவர் அவகாசம் தந்தார்கள், ஒருவர் மறுத்துவிட்டார். மூத்த மகளின் நிகாஹ் இந்தப் பள்ளியிலேயே எளிமையாக நடந்தது. கடன் முழுவதும் தீர்ந்துவிட்டதா? இல்லை. இன்றும் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து வருகிறார். ஆனால் ஜுமுஆவில் அவருடைய இடம் காலியாக இருப்பதில்லை. சென்ற ரமளானில் என் கையைப் பிடித்து, "ஹஜ்ரத், இப்போது நான் நாள் குறிப்பதில்லை" என்றார். நான் படித்த கிதாபுகள் எனக்குச் சொல்லித் தந்ததை அவர் வாழ்ந்து கற்றிருந்தார்.

கண்ணியமிக்கவர்களே! இந்த ஜுமுஆவில் அமர்ந்திருப்போரில் யார் எத்தனை வருடமாக எதற்காகக் காத்திருக்கிறார் என்பதை அல்லாஹ்வே அறிவான். அவன் வாக்கு மாறாதவன். நாள் குறிக்கும் வேலையை அவனிடமே விட்டுவிடுவோம். கேட்பதையும், உழைப்பதையும், பக்கத்தில் இருப்பவரைத் தாங்குவதையும் நம் வேலையாக எடுத்துக்கொள்வோம்.

யா அல்லாஹ்! கடனில் தவிப்போரின் கடனை நிறைவேற்றித் தருவாயாக! நோயாளிகளுக்கு ஷிஃபாவைத் தருவாயாக! பிரிந்திருக்கும் குடும்பங்களை ஒன்று சேர்ப்பாயாக! எங்கள் பெண்மக்களுக்கு ஸாலிஹான துணைகளை அமைத்துத் தருவாயாக! நாங்கள் சோர்ந்து போகும் நேரத்தில் எங்கள் ஈமானைப் பாதுகாப்பாயாக! உன்னிடம் கேட்கும் நாவையும், உன் அடியார்களுக்குக் கொடுக்கும் கையையும் எங்களுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!