பாவத்துக்கு முந்திய சாவு



சாவைப் பற்றிப் பேசத் திருவாலங்காட்டைவிடப் பொருத்தமான ஊர் எது? இங்கே சிவன் ஆடும் இடமே சுடுகாடு. தன்னைப் பேய் என்று சொல்லிக்கொண்ட காரைக்கால் அம்மையார் அந்த ஆட்டத்தைப் பாடினார். சுடுகாட்டைப் போற்றிய இதே சமூகம், அங்கே பிணம் எரித்தவரைத் தீட்டு என்று ஊருக்கு வெளியே நிறுத்தியது. அந்தத் தீட்டிலிருந்து விடுபட நம்மில் பலர் கிறிஸ்தவத்துக்குப் போனார்கள். அங்கேயும் சாவைப் பற்றி ஒரு பழைய வாதம் உண்டு.

ஆதாம் பாவம் செய்யும் முன் இயற்கையில் சாவு இருந்ததா? இல்லை என்பவர்கள் இரண்டு வசனங்களைக் காட்டுவார்கள். ஆதியாகமம் 1:30-இல் விலங்குகளுக்குப் பசும்பூண்டே உணவு. ரோமர் 5:12-இல் பாவத்தின் வழியே மரணம் உலகில் நுழைகிறது. ஆனால் அந்த வசனத்திலேயே பவுல் சொல்வது, மரணம் மனிதர் எல்லோருக்கும் பரவியது என்று. விலங்குகளைப் பற்றி அங்கே பேச்சில்லை. மனிதனின் பாவம் விலங்கின் இயல்பை மாற்றிவிடவில்லை, சிங்கமும் பருந்தும் முன்பும் இரை கொன்றே தின்றிருக்கும் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் அக்வினாஸ் எழுதினார். நம் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கிடைக்கும் கடல் உயிர்களின் புதைபடிவங்களும் அதையே சொல்கின்றன. அவை 6.5 கோடி ஆண்டுகளுக்கும் முன் செத்தவை. அன்று பாவம் செய்ய மனிதனே இல்லை.

இது நமக்கு ஏன் முக்கியம்? எல்லாச் சாவும் சாபம் என்றால், குழி வெட்டியவரும் செத்த மாட்டை அப்புறப்படுத்தியவரும் பறையடித்தவரும் சாபத்தைத் தொட்டவர்கள் ஆகிவிடுவார்கள். தீட்டுக்கு வேதத்திலும் ஓர் இடம் கிடைத்துவிடும். சாவதும் மட்குவதும் படைப்பின் ஒழுங்கு என்றால், அந்த வேலைகளில் இழிவு ஏது? பிறப்பைக் காட்டி அவற்றை ஒரு சாதியின் தலையில் சுமத்தியதில்தான் இழிவு இருக்கிறது. சுமத்தியவர்களுக்கு உரிய இழிவு அது.

பாவம் கொண்டுவந்த சாவும் உண்டு. 2013-இல் சட்டம் தடை செய்த பிறகும் மலக்குழிக்குள் மூச்சடைத்துச் சாகிறார்களே, அது எந்த இயற்கையின் ஒழுங்கு? திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில், செத்த பிறகும் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து ஒரு சுவர் எழுப்பினார்களே, அதைக் கட்டியது ஆதாமா?

ஆதாமின் பாவத்துக்காக அழுகிற திருச்சபையிடம் நாம் கேட்பது ஒன்றுதான்: முதலில் அந்தச் சுவருக்காக அழுங்கள், பிறகு அதை இடியுங்கள்.