குவளாலபுரத்துக் கங்கர்

கோலார் தங்கவயலில் வாழும் தமிழர் பலருடைய முன்னோர், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து பிழைப்பு நாடி வந்தவர்கள். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் சுரங்கத் தொழிலை மேற்கொண்ட பின்னர் அவ்வரவு பெருகியது. ஆகவே, ‘இந்த ஊரில் நாம் வந்தேறிகள்தாமா?’ என்று நம் பிள்ளைகள் வினவுகின்றனர். அவ்வினாவுக்கு விடை காணப் பழைய பெருங்குடி ஒன்றன் வரலாற்றை நாம் அறிதல் நலம்.

தங்கவயலுக்கு அணித்தேயுள்ள கோலார் நகரின் பழம்பெயர் குவளாலபுரம் என்பது. மேலைக் கங்கர் முதலில் ஆட்சிபுரிந்த நகரம் அதுவே. பின்னர் அவர்கள் காவிரிக்கரையிலுள்ள தலைக்காட்டிற்குப் பெயர்ந்தனர். கங்கர், வாணர், நுளம்பர், வைதும்பர் என்னும் குடியினர், பேரரசுகளுக்கு இடையே நின்று, ஒரு காலத்தில் நட்பும் ஒரு காலத்தில் பகையுமாக வாழ்ந்தவர்கள். முதற் பராந்தக சோழன் வாணரை வென்று, ‘வாணாதிராசன்’ என்னும் பட்டத்தைக் கங்க மரபினனாகிய இரண்டாம் பிருதிவீபதிக்கு அளித்தான். ஒரு குடியின் வீழ்ச்சி மற்றொரு குடியின் ஏற்றமாயிற்று.

பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கங்க நாடு சோழர் வசமாயிற்று. கோலார்ப் பகுதி நிகரிலிசோழ மண்டலம் எனப் பெயர் பெற்றது. கோலாரம்மன் கோயிலில் இராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுக்களை இன்றும் காணலாம். 1116-ஐ ஒட்டிப் போசள மன்னன் விட்டுணுவர்த்தனன் இந்நிலப்பகுதியைச் சோழரிடமிருந்து மீட்டுக்கொண்டான்.

அரசு போயினும் குடிப்பெருமை போகவில்லை. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் சோழர்க்குட்பட்ட சிற்றரசனாக விளங்கிய அமராபரணன் சீயகங்கன், தன்னைக் ‘குவளாலபுர பரமேசுவரன்’ என்றே கல்வெட்டிற் பொறித்துக் கொண்டான். அவன் வேண்டுகோளின்படி பவணந்தி முனிவர் இயற்றிய இலக்கணமே நன்னூல். கன்னட நாட்டுத் தலைநகரைத் தன் பூர்விகமாகப் போற்றிய ஒரு மரபினனால் தமிழுக்கு இத்தகைய நூல் கிடைத்தது என்பதை எண்ணுந்தோறும் நாம் மகிழ்கிறோம்.

மையவரசு தளர்ந்தால் பெருங்குடியினர் தாமே அரசராவது உலகியல்பு. 1231-இல் காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன், சோழன் மூன்றாம் இராசராசனையே சிறைபிடித்தான். ஐரோப்பாவிலும், 1301-இல் அங்கேரியின் ஆர்ப்பாட் அரசமரபு அற்றபோது, சாக் மாத்தேயு போன்ற பெருங்குடித் தலைவர்கள் தத்தம் பகுதிகளில் மன்னரைப் போலவே ஆண்டனர். அவனோடு அவன் ஆட்சியும் 1321-இல் முடிந்தது. கோட்டையும் கொடியும் நிலைப்பதில்லை. சீயகங்கன் வென்ற போர்களை இன்று யார் நினைக்கின்றனர்? அவன் செய்வித்த நூலையோ நம் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் ஓதுகின்றனர்.

குவளாலபுரத்தின் பெயரைத் தாங்கிய சீயகங்கனின் கல்வெட்டு வட ஆர்க்காட்டுத் திருவல்லத்தில் இருக்கிறது. அவ்வட ஆர்க்காட்டிலிருந்தே நம் முன்னோர் கோலாருக்கு வந்தனர். பெருங்குடியினர் பட்டத்தோடு சென்ற வழியில் உழைப்பாளர் கூடையோடு வந்தனர். வழி ஒன்றே.

2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. பொன் எடுக்கும் தொழில் நின்றது. எனினும், தமிழும் கன்னடமும் நெடுங்காலமாகக் கலந்து பழகிய இம்மண்ணில் நாம் வந்தேறிகளும் அல்லேம். தனியுரிமை கொண்டாடுவோரும் அல்லேம். அண்டை மொழியைக் கற்போம். நன்னூலையும் மறவாதிருப்போம். பிள்ளைகளின் வினாவுக்கு நாம் தரக்கூடிய விடை அதுவே.