மலைநாட்டு நீரும் எம்மவர் விளக்கும்

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நீர், காற்று, சூரிய ஒளி ஆகிய இயற்கைச் சக்திகளைக் கொண்டே நாட்டுக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெறுதல் தகுமா, தகுமாயின் அதற்காகும் செலவை யார் சுமப்பது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். கொழும்பிலே இதைப் பேசுவோர் ஏதோ புதிய விஷயத்தைக் கண்டுபிடித்தவர் போலப் பேசுகின்றனர். ஹட்டனிலும் மஸ்கெலியாவிலும் வாழும் எமக்கோ இது பாட்டன் காலத்துக் கதை.

1918ஆம் ஆண்டிலே டி. ஜே. விமலசுரேந்திர என்னும் எஞ்சினியர், இலங்கை எஞ்சினியர்கள் சங்கத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். இம்மலைகளிலிருந்து வீணே விழுந்தோடும் நீரைக்கொண்டு மலிவாக மின்சாரம் உண்டாக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அதிகாரிகள் கேட்ட முதற் கேள்வி, பணம் எங்கே என்பதுதான். இருபதுகளிலே தொடங்கிய வேலை பாதியில் நின்றது. அவர் சும்மா இருக்கவில்லை. 1931இல் அரசாங்க சபைக்கு இரத்தினபுரி அங்கத்தவராகச் சென்று, அங்கேயும் இதையே பேசினார். லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல். கட்டுரைக்கும் விளக்குக்கும் இடையே முப்பத்திரண்டு வருஷம்! செலவு, செலவு என்று சொல்லித் தள்ளிப்போட்ட அத்தனை காலமும் எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் கொடுத்த பணமும் செலவுதானே? அதை எவரும் செலவு என்று அழைக்கவில்லை. இந்த வழக்கம் இன்றும் மாறவில்லை என்பதைப் பின்னர் காண்போம்.

லக்ஷபானவுக்குப் பின் காசல்ரீ நீர்த்தேக்கம் வந்தது. 1965இல் விமலசுரேந்திரவின் பெயரையே தாங்கிய மின்நிலையம் வந்தது. 1969இல் மவுசாகலை நிரம்பிற்று. பழைய மஸ்கெலியா பட்டினம் நீருக்குள் போயிற்று. கடும் வரட்சி வரும் காலங்களில் அங்கேயிருந்த கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேற்றிலிருந்து தலைகாட்டுவதை நாமெல்லாம் போய்ப் பார்த்திருக்கிறோம். நாட்டுக்கு வெளிச்சம் கொடுப்பதற்காகச் சுவாமியே இடம்பெயர்ந்தார் என்று வயோதிபர் சொல்வர். சுவாமி பெயர்ந்தது சரி. அந்த வெளிச்சம் லயத்துக்கு வந்ததா? அணைக்கட்டு கண்ணெதிரே இருக்க, மின்கம்பி தலைக்கு மேலே ஓட, எத்தனையோ வருஷகாலம் எம் பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கடியிலே பாடம் படித்தனர்.

ஆகையால், இயற்கைச் சக்தி நல்லது என்று எவராவது சொன்னால் நாம் உடனே கை தட்டுவதில்லை. யாருக்கு நல்லது, யார் கொடுத்த விலையில் நல்லது என்று கேட்கின்றோம். மேல் கொத்மலைத் திட்டத்தின்போது இந்தக் கேள்வி பகிரங்கமாகவே எழுந்தது. சென் கிளேயர் நீர்வீழ்ச்சி வற்றிவிடும் என்றனர் ஒரு சாரார். தோட்டக் குடும்பங்கள் இடம்பெயர நேரும் என்றனர் எமது தொழிற்சங்கத்தார். கிளர்ச்சியும் பேச்சுவார்த்தையும் நடந்தன. முடிவில் அருவியிலே பகல் வேளைகளில் ஓரளவு நீர் விடுவதென்றும், தலவாக்கலையில் வீடிழந்தோர்க்கு வேறு வீடு கட்டித் தருவதென்றும் ஏற்பாடாயிற்று. 2012இல் 150 மெகாவாட் நிலையம் திறக்கப்பட்டது. எதிர்த்தவர் எல்லாம் முன்னேற்றத்தின் பகைவர் என்று அந்நாளிற் சொன்னார்கள். எதிர்த்திராவிட்டால் அந்த நீரும் அந்த வீடுகளும் கிடைத்திருக்குமா என்று அவர்களைக் கேட்க வேண்டும்.

இனி, மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எண்ணெயையும் நிலக்கரியையும் நம்பியிருப்பதன் விலை என்ன? தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை நாட்டு மின்சாரத்தின் பெரும் பங்கு நீரிலிருந்தே வந்தது. 1996இல் மழை பொய்த்தது, நாடு இருண்டது. மழையை மட்டும் நம்பலாகாது என்று எண்ணெய் இயந்திரங்களை நிறுவினர். பின்னர் நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி நிலையம் கட்டினர். அவற்றுக்கு மழை வேண்டியதில்லை, டொலர் வேண்டும். 2022இல் டொலர் பொய்த்தது. அவ்வருஷம் மார்ச் மாத முடிவில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. அதன் பின்னே வந்தது கட்டண உயர்வு.

நண்பர்களே, இந்தக் கணக்கைச் சற்று உன்னிப்பாகக் கேளுங்கள். மாதம் முப்பது அலகு செலவிடும் ஒரு வீடு, இரண்டு மின்குமிழும் ஒரு வானொலியும் உள்ள லயத்து வீடு என்று வைத்துக்கொள்வோம். 2022 ஆகஸ்டுக்கு முன் அலகு 2 ரூபா 50 சதம், நிலைக்கட்டணம் 30 ரூபா. ஆக 105 ரூபா. ஆகஸ்டில் அலகு 8 ரூபா, நிலைக்கட்டணம் 120, ஆக 360. 2023 பெப்ரவரியில் அலகு 30 ரூபா, நிலைக்கட்டணம் 400. ஆக 1300 ரூபா. அரசாங்கம் சராசரி உயர்வு நூற்றுக்கு அறுபத்தாறு என்று அறிவித்தது. சராசரி என்பது மிகவும் வசதியான சொல். அதற்குள்ளே ஏழையின் பன்னிரண்டு மடங்கும் மறைந்துவிடும். அவ்வருஷம் யூலையில் இது குறைக்கப்பட்டது, பின்னரும் குறைந்தது என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். ஆனால் அந்த ஐந்து மாதமும் சூரியனோ அருவியோ கட்டணத்தை உயர்த்தவில்லை. கப்பலில் வந்த எரிபொருளும் விழுந்த ரூபாவுமே உயர்த்தின.

அப்படியானால் சூரிய ஒளியே வழி என்று முடித்துவிடலாமா? 2016இல் கூரைமேற் சூரியப் பலகை பூட்டும் இயக்கத்தை அரசாங்கம் தொடங்கியது. மின்சார சபைக்கு விற்கும் அலகுக்கு முதல் ஏழு வருஷம் 22 ரூபா. நல்ல திட்டந்தான். ஆனால் அந்த 22 ரூபா வானத்திலிருந்து விழுவதன்று. எல்லோருடைய பில்லிலிருந்தும் வருவது. பலகை பூட்டுவதற்குச் சொந்தக் கூரை வேண்டும், கையிலே முதல் வேண்டும். லயத்துக் கூரை யாருடையது? காணியும் வீடும் தம்முடையவை என்று உறுதிப் பத்திரம் காட்ட முடியாதவர் இந்த மலைகளில் எத்தனை ஆயிரம்! கூரையுள்ளவன் விற்பவனானான், கூரையில்லாதவன் கட்டணம் செலுத்துபவனாகவே இருந்தான். சூரியன் எல்லோர்க்கும் பொது, கூரை பொதுவன்று.

காற்றிலும் அரசியல் உண்டு. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலை அமைக்க அதானி நிறுவனத்துடன் பேசி, 2024இல் அலகொன்றுக்கு 8.26 அமெரிக்கச் சதம் என்று இணங்கினர். போட்டிக் கேள்விப்பத்திரம் இன்றி ஏன் கொடுத்தீர்கள், விலை ஏன் இவ்வளவு, வலசை வரும் பறவைகளின் வழியில் ஏன் என்று எதிர்ப்புகள் எழுந்தன. புதிய அரசாங்கம் விலையைக் குறைக்க முற்பட்டது. 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. அதே மாதம் 9ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதால் நாடெங்கும் மின்சாரம் நின்றது. ஒரு வானரத்தால் இலங்கை அல்லலுற்றது இது முதற் தடவையன்று என்று சிரித்தோரும் உளர். உண்மையோ சிரிப்புக்குரியதன்று. விடுமுறை நாளில் பாவனை குறைவு, சூரிய மின்சாரம் அதிகம். அந்நேரம் பெரிய இயந்திரங்களின் கனத்த சுழற்சி குறைந்திருந்தபடியால் சிறு அதிர்ச்சியையும் மின்வலை தாங்கவில்லை. அவ்வருஷச் சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் கூரைப் பலகைகளை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே வேண்டிக்கொண்டது. சேமித்து வைக்கும் வகையில்லாமல் பலகை மட்டும் கூட்டினால் இதுதான் நடக்கும். சேமிப்புக்கு எம் மலைகளின் நீர்த்தேக்கங்களே நாட்டின் பெரிய கலன். பகலில் சூரியனை வாங்கி, மாலையில் காசல்ரீயைத் திறக்கலாம். ஆகவே வருங்காலத்திலும் இந்த மலைகளைவிட்டு நாடு விலக முடியாது. பேரம் பேசுவதற்கு எம்மிடம் உள்ள நியாயமும் அதுவே.

எமது வாலிபர்களுக்குச் சிறப்பாகச் சொல்ல விரும்புவது இன்னொன்று. தேயிலை ஸ்டோர்களிலே வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் நூற்றுக்கணக்கான சிறு நீர்ச்சக்கரங்கள் ஓடின. ஓடையை மறித்து, இரும்புக் குழாயில் இறக்கி, பெல்டன் சக்கரத்தைச் சுழற்றினர். வினாடிக்கு நூறு லீற்றர் நீர் ஐம்பது மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால், சேதாரம் போக ஏறக்குறைய முப்பது கிலோவாட் கிடைக்கும். சிக்கனமாகப் பாவித்தால் இரண்டு மூன்று வரிசை லயங்களுக்குத் தாராளமாகப் போதும். பொது மின்கம்பி வந்ததும் தோட்டங்கள் அவற்றைக் கைவிட்டன. பின்னாளில் சில திருத்தப்பட்டன. தனியார் கம்பனிகள் புதிய சிறு நிலையங்களைக் கட்டி மின்சாரத்தை விற்றன. அதுவும் குற்றமற்றதன்று, அணைக்குக் கீழே ஓடை வற்றிப்போனதாகப் பல ஊரவர் முறையிட்டிருக்கின்றனர்.

இரத்தினபுரி, கேகாலைப் பகுதிகளின் சிங்களக் கிராமத்தவர் வேறொரு வழியைக் காட்டினர். மின்பாவனையாளர் சங்கம் அமைத்து, சிரமதானத்தால் கால்வாய் வெட்டி, தம் ஓடையிலே தாமே மின்சாரம் எடுத்தனர். அவர்களுக்குக் காணி இருந்தது. எமக்கும் அது கூடுமா என்பது காணியுரிமையோடு பிணைந்த கேள்வி. 2017இல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் பதினாயிரம் வீடுகள் என்று அறிவித்தார். அத்தகைய வீடு பெறும் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் உறுதிப் பத்திரத்தோடு கூரையும் தன் பெயரில் மின்மானியும் கிடைக்கவேண்டும் என்று இப்பொழுதே கேட்கவேண்டும்.

எனவே நமது சங்கத்தின் முன் ஒரு வேலையை வைக்கின்றோம். அடுத்த மழைக்கு முன், அங்கத்தவர் ஒவ்வொருவரும் தத்தம் தோட்டத்திலே பழைய நீர்ச்சக்கரம் இருந்த இடத்தைப் போய்ப் பார்த்து, குழாய் இருக்கிறதா, ஓடையில் மாசி மாதத்திலும் நீர் ஓடுகிறதா, எத்தனை லயங்கள் அருகில் உள்ளன என்று ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். ஓய்வுபெற்ற ஸ்டோர் தொழிலாளரைக் கேட்டால் இடத்தைக் காட்டுவர். கொப்பிகளைக் காரியதரிசியிடம் ஒப்படைத்தால், தைப்பொங்கலுக்குப் பின் வரும் கூட்டத்தில் அவற்றை வைத்துப் பேசுவோம்.