பேரைக் கேட்டு வா



மாமல்லபுரத்திலிருந்து தெற்கே, சதுரங்கப்பட்டினம் போகிற பக்கத்தில், சவுக்குத் தோப்புக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிறது எங்கள் குப்பம். அங்கே ஓர் ஆரம்பப் பள்ளி. ஓட்டுக் கட்டடம், மூன்று அறை, முன்னால் ஒரு தாழ்வாரம். மணி அடித்துப் பிள்ளைகளெல்லாம் ஓடிய பிறகும் தாழ்வாரத்தில் ஒரு மேசை மட்டும் காலியாகாது. பகல் முழுக்க எங்களுக்குக் கணக்கும் தமிழும் சொல்லிக்கொடுத்த சார், அதே நாற்காலியில் உட்கார்ந்து செய்தி எழுதத் தொடங்கிவிடுவார். ஒரு தமிழ் நாளிதழுக்கு அவர் பகுதி நேர நிருபர்.

அவர் எழுதிய எந்தச் செய்தியிலும் அவர் பெயர் வந்ததில்லை. ‘நமது நிருபர்’ என்றுதான் இருக்கும். ஊருக்கும் அவர் சார்தான். நானும் இந்த உரையில் அப்படியே சொல்கிறேன்.

பேப்பர் ஆபீஸிலிருந்து அவருக்கு நியூஸ்பிரிண்ட் தாள் கட்டாக வரும். இரண்டு தாளுக்கு நடுவே கார்பன் வைத்து, பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதுவார். மேல் தாள் கவருக்குள் போகும். அடித்தாளைச் சுவரோரம் இருந்த குத்தூசியில் குத்தி வைப்பார். அந்தக் கவரைச் சாயங்காலச் செங்கல்பட்டு பஸ்ஸில் கண்டக்டர் கையில் சேர்க்க வேண்டும். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போய், அங்கே ஏஜென்ட் வாங்கி, ரயிலில் சென்னைக்கு அனுப்புவார். பஸ்ஸை விட்டால் செய்தி பழசாகிவிடும். கவரைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடுகிற வேலை எங்களில் ஒருவனுக்கு. பெரும்பாலும் அது நான்தான்.

என்ன எழுதுவார்? ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் மூன்று வாரமாக வரவில்லை. பஞ்சாயத்துக் குழாய் உடைந்து கிடக்கிறது. ஆமைகள் செத்துக் கரை ஒதுங்கின. இன்னார் மகள் பத்தாம் வகுப்பில் தேறினாள், குப்பத்திலேயே முதல் பெண். 1983-இல் கல்பாக்கம் அணுமின் நிலையம் மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டே மாமல்லபுரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அதற்கெல்லாம் சென்னையிலிருந்து கார் போட்டுக்கொண்டு நிருபர்கள் வந்தார்கள். குழாய்க்கும் மண்ணெண்ணெய்க்கும் சாரைத் தவிர யாரும் இல்லை.

இப்போது ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பு. ஐப்பசி மாதம், கடல் கொந்தளிப்பு. பக்கத்துக் குப்பத்தில் கட்டுமரம் கவிழ்ந்து ஒருவர் இறந்துவிட்டார். சார் தாழ்வாரத்தில் எழுதிக்கொண்டிருந்தார். பஸ் வர முக்கால் மணி நேரம் இருந்தது. என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

“அவங்க வீட்டுக்குப் போய் பேரைக் கேட்டு வா. அவர் பேரு, அப்பா பேரு, வயசு. வீட்டு ஆளுங்க வாயால கேக்கணும்.”

ஓடினேன். அந்த வீட்டு வாசலில் பெண்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். மணலில் விழுந்து புரண்டுகொண்டிருந்த ஒரு வயதான அம்மாவை இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். பத்து வயதுப் பையனுக்கு அந்தக் கூட்டத்துக்குள் போக முடியவில்லை. பயம். திரும்பி நடந்தேன். டீக்கடையில் நின்ற ஒருவரைக் கேட்டேன். அவர் ஒரு பெயரைச் சொன்னார். அதை வந்து சாரிடம் சொன்னேன். “வீட்லதானே கேட்ட?” என்றார். தலையை ஆட்டினேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பேப்பர் கட்டு இறங்கியது. இறந்தவர் என்று அச்சாகியிருந்தது அண்ணன் பெயர். கடல் கொண்டுபோனது தம்பியை. அண்ணன் உயிரோடு அதே டீக்கடையில் நின்று, தன் பெயரை யாரோ உரக்கப் படிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சார் என்னைத் திட்டவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு அந்த வீட்டுக்கு நடந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அந்த அம்மா அவரைப் பார்த்துக் கேட்டது இன்றைக்கும் எனக்குக் காதில் கேட்கிறது.

“ஒருத்தனைக் கடலு கொண்டுபோச்சு. இன்னொருத்தனை உம் பேப்பரு கொண்டுபோவுதா, வாத்தியாரே?”

“எம் மேலதான் தப்பு, ஆயா. வந்து கேக்காம எழுதிட்டேன்” என்றார் சார். பையன் சொன்னான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு மணலில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, பெயரைக் கேட்டு எழுதினார். எழுதியதை உரக்க வாசித்துக் காட்டினார். அந்த அம்மா தலையசைத்த பிறகுதான் நோட்டை மூடினார். இரண்டு நாள் கழித்து மாவட்டப் பக்கத்தில் ‘திருத்தம்’ என்று மூன்று வரி வந்தது. சார் அதைக் கத்தரித்துக் கொண்டுபோய் அந்த அம்மாவிடமே கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாத அவர் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.

திரும்பி வரும்போது சார் ஒன்றே ஒன்று சொன்னார்: “துக்க வீட்ல பேரு கேக்குறது கஷ்டந்தான். ஆனா கேட்டாகணும்.”

சாரைப் போன்ற வாத்தியார்கள் தமிழ்நாட்டுப் பத்திரிகை உலகத்துக்குப் புதியவர்கள் இல்லை. 1878-இல் ‘தி இந்து’வைத் தொடங்கிய இளைஞர்களில் முதன்மையானவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் பள்ளி ஆசிரியர். 1882-இல் ‘சுதேசமித்திர’னைத் தொடங்கியவரும் அவரே. அவர் அழைத்து 1904-இல் ‘சுதேசமித்திர’னுக்கு வந்த பாரதி, அதற்குச் சற்று முன்வரை மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். ஆனால் எங்கள் சார் நெஞ்சில் வைத்திருந்த வாத்தியார் வேறொருவர். மயிலை சீனி. வேங்கடசாமி.

1900-இல் மயிலாப்பூரில் பிறந்தவர். இளமையில் எழும்பூர் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார், குடும்பச் சூழல் படிப்பைத் தொடர விடவில்லை. நீதிக் கட்சியின் ‘திராவிடன்’ நாளிதழில் வேலை பார்த்தார். அதன் பிறகு ஏறத்தாழ கால் நூற்றாண்டு சென்னையில் பள்ளி ஆசிரியர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாமல், பள்ளி வேலை நேரம் போக மீதி நேரத்தில், ‘கிறித்தவமும் தமிழும்’, ‘பௌத்தமும் தமிழும்’, ‘சமணமும் தமிழும்’ என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுதினார். பல்லவ மன்னர்களைப் பற்றித் தனித்தனி நூல்கள் எழுதினார். குகைக் கோயில்களையும் கல்வெட்டுகளையும் விடாமல் படித்தார். ஒரு பெரிய நிறுவனம் ஆள் வைத்துச் செய்ய வேண்டிய வேலையை ஒரு பள்ளி வாத்தியார் தனி ஆளாகச் செய்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

அந்தப் பேரைச் சார் எங்களுக்கு முதலில் சொன்னது பாறைக்கு முன்னால் நின்று. வருஷத்துக்கு ஒருமுறை ஐந்தாம் வகுப்பு முழுவதையும் மாமல்லபுரத்துக்கு நடத்திக்கொண்டு போவார். உளிச் சத்தம் கேட்கிற தெருக்களைத் தாண்டி, அந்தப் பெரிய புடைப்புச் சிற்பத்துக்கு எதிரே எங்களை உட்கார வைப்பார். ஊரில் எல்லாரும் அருச்சுனன் தபசு என்பார்கள். சார் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார். “கண்ணுக்குத் தெரியிறதை மட்டும் எழுதுங்க. யாருன்னு எழுதாதீங்க” என்பார்.

சிலேட்டில் எழுதினோம். ஒற்றைக் காலில் நிற்கிற தாடிக்காரர், விலா எலும்பு தெரிகிறது. பக்கத்தில் நாலு கை உள்ள ஒருவர். பாறைப் பிளவில் பாம்பு உடம்பு உள்ளவர்கள். பெரிய யானை, அதன் காலடியில் குட்டிகள். முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்கிற பூனை, சுற்றிலும் எலிகள். பின்னங்காலால் மூக்கைச் சொறிகிற மான். சின்னக் கோயில் பக்கத்தில் தலை உடைந்துபோன ஆட்கள். அந்த மானைக் கண்டுபிடித்தவன் நான். சார் என் சிலேட்டை வாங்கி எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார்.

அதற்குப் பிறகுதான் கதைகளைச் சொன்னார். அருச்சுனன் என்று சிலர் சொல்கிறார்கள், கங்கையைக் கொண்டுவந்த பகீரதன் என்று சிலர் சொல்கிறார்கள். மயிலை சீனி. வேங்கடசாமி என்று ஒரு வாத்தியார், 1950-இல் ‘மகாபலிபுரத்து ஜைன சிற்பம்’ என்று ஒரு புத்தகமே எழுதி, இது அஜிதநாத தீர்த்தங்கரர் காலத்துச் சகர மன்னனின் மக்களைப் பற்றிய சமணக் கதை என்றார். அறிஞர்கள் பலர் அதை ஏற்கவில்லை. சாரும் அதுதான் சரி என்று சொல்லவில்லை. “ஊரே ஒரு பேரு சொல்லும்போது, இன்னொரு தடவ போய்ப் பார்த்தார் பாருங்க, அதுதான் வாத்தியார்” என்றார். அண்ணன் பெயர் அச்சானது அந்த வருஷத்து ஐப்பசியில்தான். அவர் சொன்னது எனக்கு எங்கே போய்த் தைத்தது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனபோது சார் ஒரு புத்தகம் கொடுத்தார். மயிலை சீனி. வேங்கடசாமி 1959-இல் வெளியிட்ட ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’. உரையாசிரியர்கள் பெயர் சொல்லிவிட்டுப் போன, கல்வெட்டுகள் குறிப்பிட்டுவிட்டுப் போன, ஆனால் இன்று நம் கையில் இல்லாத நூல்களையெல்லாம் தேடித் தொகுத்த புத்தகம். தகடூர் யாத்திரை போல, வளையாபதி போல, சில பாட்டுகள் மட்டும் தப்பிப் பிழைத்தவை உண்டு. வெறும் பெயர் மட்டும் மிஞ்சியவையும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் கொடுத்து, எங்கே யார் அதைக் குறிப்பிட்டார்கள் என்று எழுதி வைத்தார்.

தினமும் காலையில் வருகைப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு பெயர் கூப்பிடுகிற கை எழுதிய புத்தகம் அது என்பதை, நானே ஒரு வகுப்பில் நின்று பெயர் கூப்பிடத் தொடங்கிய பிறகுதான் புரிந்துகொண்டேன். வராத பிள்ளையின் பெயரையும் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். பதில் வராது என்று தெரிந்தாலும் கூப்பிட வேண்டும். அந்தக் கட்டத்தில் ஒரு குறி போட வேண்டும். பெயரையே பதிவேட்டிலிருந்து அடித்துவிட்டால் அந்தப் பிள்ளை வராததுகூட யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை, அரையாண்டு விடுமுறை. நான் அப்போது செங்கல்பட்டில் இருந்தேன். கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு மத்தியானம் வந்து சேர்ந்தேன். ஜனங்கள் ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தார்கள். சார் ஓய்வு பெற்றுச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. மண்டபத்து மூலையில், நனைந்த வேட்டியோடு, மடியில் ஒரு நீள நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவராக வந்து சொல்லச் சொல்ல எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டினார். யார் மகன், யார் மனைவி, எந்தத் தெரு, என்ன வயது. யாராவது கூட்டத்திலிருந்து பெயர் சொன்னால் எழுத மாட்டார், “வீட்டு ஆளு வரட்டும்” என்பார். சில இடங்களில் ஒரு வரியைக் காலியாக விட்டிருந்தார். அடையாளம் தெரியாமல் கரை ஒதுங்கியவர்களுக்கு. வயதும் சட்டை நிறமும் மட்டும் எழுதி, பெயருக்கு இடம் விட்டிருந்தார். நிவாரணப் பட்டியலுக்கு அதிகாரிகள் வந்தபோது அந்த நோட்டைத்தான் முதலில் கேட்டு வாங்கினார்கள்.

அந்தச் சுனாமி அலை வடக்கே சாளுவன்குப்பத்தில் மணலை அரித்துவிட்டுப் போனது. பாறையில் எழுத்து தெரிந்தது. முருகன் கோயில் ஒன்றைக் குறிக்கிற கல்வெட்டு. ஆனால் அங்கே கண்ணுக்குத் தெரிகிற முருகன் கோயில் ஏதும் இல்லை. மறு ஆண்டு தொல்லியல் துறையினர் தோண்டினார்கள். மணலுக்கு அடியில் செங்கல் கோயில் இருந்தது, கல்லில் செய்த வேலும் இருந்தது. சாரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். வெகு நேரம் வேலிக்கு வெளியே நின்று அந்தச் செங்கல் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பேரு மட்டும் காத்துக்கிட்டு இருந்திருக்கு பாரு” என்றார்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் சார் காலமானார். அந்த நாளிதழின் உள்ளூர் நிருபர் என்னை போனில் கூப்பிட்டு, “உங்களுக்குத்தான் அவரைத் தெரியும், நாலு வரி எழுதிக் கொடுங்க, வாட்ஸப்புல அனுப்பினா போதும்” என்றார்.

சார் வீட்டுக்குப் போனேன். குப்பமே வாசலில் இருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போய்ச் சார் வீட்டு அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். நோட்டை எடுத்தேன்.

“அம்மா, சாரோட முழுப் பேரு, அவங்க அப்பா பேரு, வயசு சொல்லுங்க.”

அம்மா அழுது வீங்கிய கண்ணோடு என்னைப் பார்த்தார். “உனக்குத் தெரியாதாடா?”

“தெரியும்மா. நீங்க சொல்லணும்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். எழுதினேன். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா தலையசைத்தார்.