டெல்லியில் ஒரு பேச்சு, ஆலயத்தில் ஒரு பேச்சா?

(இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் ஒரு சேகரத்தின் குருவானவர். ஞாயிறு ஆராதனை, ஞானஸ்நானம், கல்யாணம், அடக்க ஆராதனை, இவைதான் என் வேலை. இடையில் மூன்று ஆண்டுகள் எங்கள் திருமண்டலத்தின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தேன். அந்தப் பொறுப்பு முடிந்து மறுபடியும் சேகரத்துக்கே வந்துவிட்டேன். மேலே போய் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டு அழைத்திருக்கிறீர்கள். பார்த்ததைச் சொல்கிறேன்.

திருச்சபைக்கு வெளியே இருந்து வந்திருக்கும் தோழர்களுக்காக ஒரு விளக்கம். சில சபைகள் சேர்ந்தால் சேகரம். பல சேகரங்கள் சேர்ந்தால் திருமண்டலம். அதன் தலைவர் பேராயர். ஆனால் பள்ளி ஆசிரியர் நியமனம், குருவானவர்களின் இடமாற்றம், நிலம், கட்டடம், வரவு செலவு எல்லாம் நிர்வாகக் குழுவின் மேசைக்குத்தான் வரும். அந்தக் குழுவுக்குத் தேர்தல் உண்டு. சட்டமன்றத் தேர்தலுக்குக் குறையாத தேர்தல் அது. அணி உண்டு, துண்டறிக்கை உண்டு, வழக்கும் உண்டு.

நான் சேரியில் பிறந்து குருத்துவத்துக்கு வந்தவன். இத்தனை வருட ஊழியத்தில் சாதியை ஆதரித்துப் பிரசங்கம் செய்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. பிரசங்க பீடத்தில் எல்லோரும் கிறிஸ்துவுக்குள் ஒன்றுதான். சாதி குடியிருக்கும் இடம் அலுவலக அலமாரி. அங்கே மூன்று பட்டியல்கள் இருக்கின்றன: வாக்காளர் பட்டியல், இடமாற்றப் பட்டியல், நியமனப் பட்டியல்.

முதலில் வாக்காளர் பட்டியல். சந்தா பாக்கி இல்லாதவருக்குத்தான் ஓட்டு. கேட்பதற்கு நியாயமாக இருக்கும். ஊருக்குள் இருக்கும் சபையில் வீடு வீடாகப் போய் வசூலித்து ரசீது போடுகிறார்கள். காலனிச் சபைக்கு ரசீதுப் புத்தகமே வருவதில்லை. தேர்தல் நேரத்தில் பட்டியலைப் பார்த்தால் காலனியில் பாதிப் பேர் 'பாக்கிதாரர்'. இதில் யாரும் யாரையும் சாதி சொல்லித் திட்டவில்லை. ஓட்டு மட்டும் போய்விட்டது.

அடுத்தது இடமாற்றப் பட்டியல். நகரத்துப் பெரிய சேகரம் யாருக்கு, பள்ளித் தாளாளர் பொறுப்பு யாருக்கு, மழை பெய்தால் பஸ் போகாத சேகரம் யாருக்கு என்று அதைப் படித்தால் தெரியும். எங்கள் குருவானவர்களைக் காலனிச் சேகரங்களுக்கே திரும்பத் திரும்ப அனுப்புவார்கள். காரணம் கேட்டால், "உங்கள் ஜனங்களை நீங்கள்தானே ஐயா புரிந்துகொள்வீர்கள்" என்பார்கள். அப்படியானால் மற்ற ஜனங்களை நாங்கள் புரிந்துகொள்ள மாட்டோமா?

மூன்றாவது நியமனப் பட்டியல். அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஆசிரியருக்குச் சம்பளம் தருவது அரசு. ஆளைத் தேர்ந்தெடுப்பது நிர்வாகம். சிறுபான்மை நிறுவனம் என்பதால் இட ஒதுக்கீட்டு இனச்சுழற்சி அங்கே கட்டாயம் இல்லை. அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குத் தரும் பாதுகாப்பை நான் முழுமையாக ஆதரிக்கிறேன். இன்றைய இந்தியாவில் அது மிகவும் தேவை. ஆனால் அது சிறுபான்மையினர் எல்லோருக்குமான பாதுகாப்பு. அவர்களுக்குள் ஆதிக்கமாக இருக்கும் ஒரு சாதிக்கு எழுதிக் கொடுத்த பட்டா இல்லை.

இனி டெல்லிக்கு வருகிறேன். 1950-இல் குடியரசுத் தலைவர் வெளியிட்ட பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆக முடியாது என்றது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இன்றும் வெளியேதான். தமிழ்நாட்டில் கிறிஸ்தவரான ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். தனித் தொகுதியில் நிற்க முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கிடைக்காது. வெட்டுகிறவன் மட்டும் மதம் பார்த்து வெட்டுவதில்லை.

அதனால்தான் ஆணை வெளியான ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறோம். நவம்பரில் தலித் விடுதலை ஞாயிறு கொண்டாடுகிறோம். மனு கொடுக்கிறோம், ஊர்வலம் போகிறோம். அந்த மனுக்களில் எல்லாம் "திருச்சபைக்குள்ளும் சாதி இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம்.

1985-இல் சூசை வழக்கில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? மதம் மாறிய பிறகும் அதே சாதியில் இருப்பதைக் காட்டினால் மட்டும் போதாது, புதிய மதத்துக்குள்ளும் அதே கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்று நிறுவ வேண்டும் என்றது. அதாவது ஆதாரம் கேட்டது. 2022-இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஒன்றிய அரசு அமைத்த ஆணையத்துக்கும் இதே கேள்விதான் கொடுக்கப்பட்டது.

தோழர்களே, அந்த ஆதாரம் எங்கள் அலமாரியில்தான் இருக்கிறது.

நிர்வாகக் குழுவில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தோம். திருமண்டல நிறுவனங்களில் யார் யார் எந்தப் பொறுப்பில் இருக்கிறார்கள் என்று சாதிவாரியாகக் கணக்கெடுத்து வெளியிட வேண்டும். கேட்டது கணக்கு மட்டும்தான். "ஆலயத்துக்குள் சாதியைக் கொண்டுவராதீர்கள் ஐயா" என்றார்கள். மனுவில் கையெழுத்துப் போட்ட அதே கைகள் தீர்மானத்துக்கு எதிராக உயர்ந்தன. டெல்லியில் சாதி இருக்கிறது என்கிறோம், நிர்வாகக் குழுவில் சாதி இல்லை என்கிறோம். கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்று சொல்லித்தான் அரசும் எங்கள் உரிமையை மறுக்கிறது. அந்த வாதத்துக்கு உள்ளிருந்தே சாட்சி சொல்லலாமா?

இதன் சுமை யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். படிப்புக்காகவும் வேலைக்காகவும் எங்கள் பிள்ளைகள் பலர் 'இந்து' என்று சாதிச் சான்றிதழ் வைத்திருக்கிறார்கள். அது அவர்கள் தவறு இல்லை. 1950 ஆணை அவர்களைத் தள்ளிய இடம் அது. ஒரு சேகரத் தேர்தலில் காலனி இளைஞர் ஒருவர் மனுத்தாக்கல் செய்தார். ஞானஸ்நானம் பெற்றவர், திடப்படுத்தல் பெற்றவர், ஞாயிறு பள்ளி நடத்துகிறவர். எதிரணி அவருடைய சான்றிதழ் நகலைக் கொண்டுவந்து, "இவர் இந்து, மனுவைத் தள்ளுங்கள்" என்றது. அரசுக்கு அவர் கிறிஸ்தவர் என்றால் உரிமை இல்லை. சபைக்கு அவர் இந்து என்றால் உரிமை இல்லை. அவர் எங்கே போவார்?

இந்த விஷயத்தில் நாங்கள் விடவில்லை. சபையின் ஞானஸ்நான, திடப்படுத்தல் பதிவேடுகளே போதும், சாதிச் சான்றிதழைக் காட்டி யாருடைய மனுவையும் தள்ளக் கூடாது என்று விதி கொண்டுவந்தோம். ஒவ்வொரு சபையிலும் ஆராதனை முடிந்ததும் சந்தா வாங்கி ரசீது தர வேண்டும் என்பதும் நிறைவேறியது. மூன்று ஆண்டுகளில் கிடைத்தவை இந்த இரண்டு விதிகள்தான். ஆனால் அடுத்த தேர்தலில் எங்கள் காலனியில் ஓட்டுப் போட வரிசை நின்றது.

"திருச்சபைதானே உங்களைப் படிக்க வைத்தது" என்று சிலர் கேட்பார்கள். ஆமாம். திருவிதாங்கூரில் தோள்சீலைப் போராட்டத்தில் சபை துணை நின்றது. 1859-இல் நாடார் பெண்கள் மேலாடை உரிமை பெற்றார்கள். எங்களுக்கும் அது பெருமைதான். எழுந்து நின்றவர்கள் அடுத்து எழுகிறவருக்குக் கை கொடுக்க வேண்டும் என்றுதான் கேட்கிறோம். 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சபைகளில் சாதியை விட்டுவிட உத்தரவிட்டபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் சபையைவிட்டு வெளியேறினார்கள். இன்று யாரும் வெளியேறுவதில்லை. உள்ளே இருந்துகொண்டு பட்டியலைத் தயாரிக்கிறார்கள்.

அரசரடி இறையியல் கல்லூரியில் 'பரட்டை' தியோபிலஸ் அப்பாவு, ஒரே உலையில் பொங்கி எல்லோரும் உண்பதை இறையியலாகவே கற்பித்தார். எங்கள் ஊர்களில் அசனப் பண்டிகையன்று ஒரே பந்தியில்தான் சாப்பிடுகிறோம். நல்லது. அந்தப் பந்திக்கு அரிசி வாங்கும் பணம் யார் கையில், பரிமாறியது போக மிச்சம் யார் வீட்டுக்கு என்று கேட்கும்போதுதான் முகம் மாறுகிறது.

இளைஞர்களுக்கு மூன்று வேலைகள் சொல்கிறேன். உங்கள் சபையின் வாக்காளர் பட்டியலைக் கேட்டு வாங்கி, யார் பெயர் இல்லை என்று பாருங்கள். பள்ளி, கல்லூரி நியமனங்களைப் பகிரங்கமாக வெளியிடச் சொல்லுங்கள். சாதிவாரிக் கணக்கெடுப்பைத் தோற்றுப்போன தீர்மானமாக விட்டுவிடாமல் ஒவ்வொரு பெருமன்றத்திலும் மறுபடி மறுபடி கொண்டுவாருங்கள். சபைக்கு வெளியே இருக்கும் தோழர்களே, மூன்றாவது பத்தியை நீக்கக் கோரும் போராட்டத்தை 'கிறிஸ்தவர் பிரச்சினை' என்று ஒதுக்காதீர்கள். அது சாதி ஒழிப்பின் பிரச்சினை.

எனக்கு இப்போது பதவி இல்லை. சேகரத்தில் மூன்று சபைகள் இருக்கின்றன, மூன்றுக்கும் ரசீதுப் புத்தகம் இருக்கிறது. ஆகஸ்ட் 10 அன்று கறுப்புக் கொடியோடு தெருவில் நிற்பேன். அடுத்த பெருமன்றத்தில் அதே தீர்மானத்தோடு எங்கள் பிரதிநிதிகள் நிற்பார்கள்.

ஜெய்பீம்.