நீலம் ஏறிய கால்கள்

(ஓசூர் அருகே சானமாவில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது)



காட்டோரம் யானை இறங்கியிருக்கிறதாம். இருட்டுவதற்குள் முடித்துவிடச் சொன்னார்கள்.

அம்பேத்கர் பிறந்தநாளுக்கு இந்த முறை இயற்கை நீலத்தில் சாயம் தோய்த்துக் கொடி தைக்கலாம் என்று ஒரு தோழர் சொன்னார். நான் இங்கே கார்மெண்ட்ஸில் வேலை பார்ப்பவள், தையல் தெரியும் என்பதால் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்குச் சாயமும் கொஞ்சம் தெரியும். சொந்த ஊர் திண்டிவனம் பக்கம். அங்கே அவுரி விளையும். என் அப்பா அவுரித் தொட்டியில் கூலிக்கு இறங்கியவர்.

செடியை வெட்டி வந்து தொட்டியில் அடுக்கி, பாரம் ஏற்றி, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். மறுநாள் அந்த மஞ்சள் பச்சைத் தண்ணீரைக் கீழ்த்தொட்டிக்குத் திறந்துவிடுவார்கள். ஆட்கள் வரிசையாக இறங்கி, இரண்டு மூன்று மணி நேரம் காலால் உதைத்துக்கொண்டே இருக்க வேண்டும். காற்று கலக்கக் கலக்க நுரை நீலமாகும். அடியில் படிவதைக் காய்ச்சி, வடிகட்டி, கட்டியாக அறுத்துக் காயவைப்பார்கள். அந்த நாற்றம் சோப்புக்குப் போகாது. அப்பா பஸ்ஸில் உட்கார்ந்தால் பக்கத்து ஆள் எழுந்துவிடுவார். கால் நகமெல்லாம் நீலம்.

போன வருஷம் ஒரு பண்ணையில் இயற்கைச் சாயப் பயிற்சிக்குப் போனேன். நீலக்கட்டி வெறும் தண்ணீரில் கரையாது. சுண்ணாம்பும் வெல்லமும் தகரை விதையும் போட்டுப் புளிக்கவைக்க வேண்டும். பருத்தியோ சணலோ, முக்கி எடுத்தால் பச்சையாக வரும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். நானும் வாய் பிளந்துதான் பார்த்தேன். "இது நம் முன்னோர் மரபு" என்றார் பயிற்றுநர். "எந்த முன்னோர் சார்?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு அடுத்த துணியை எடுத்தார். எங்களுக்கெல்லாம் கையுறை. பின்னால் தொட்டி கலக்கிய அண்ணனுக்கு வெறுங்கை.

மனுஸ்மிருதி 10ஆம் அத்தியாயம், 89ஆம் சுலோகத்தைப் பாருங்கள். பிழைப்புக்கு வணிகம் செய்ய நேர்ந்தாலும் பிராமணர் விற்கக் கூடாதவை என்று மது, அரக்கோடு நீலத்தையும் சேர்த்திருக்கிறது. 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் எரிக்கப்பட்டது அந்த நூல்தான். 1942இல் தொடங்கிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் கொடி நீலம். இரண்டையும் முடிச்சுப்போட்டு நான் கதை கட்டவில்லை. ஆனால் விற்கவே ஆகாது என்று ஒதுக்கிய சரக்கு எப்படி எல்லோருக்குமான 'முன்னோர் மரபு' ஆனது?

வெள்ளைக்காரர்களுக்கு இந்த நீலம் நல்ல லாபம். 1859இல் வங்காள விவசாயிகள் அவுரி விதைக்க மாட்டோம் என்று எழுந்தார்கள். 1897இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் கம்பெனி ரசாயன நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அவுரி வயல்கள் சுருங்கின. இன்று ஜீன்ஸில் இருப்பது பெரும்பாலும் அந்த ரசாயன நீலம்தான். இயற்கை நீலம் இப்போது பொட்டிக் கடைகளில் திரும்பி வருகிறது. அட்டையில் ரசாயனம் இல்லை என்று போடுகிறார்கள். தொட்டியில் இறங்கியவரின் கூலியைப் போடுவதில்லை.

கொடி தைக்கலாம், நானே தைத்துத் தருகிறேன். கட்டி வாங்கும் முன் விற்பவரிடம் மூன்று கேள்வி கேட்போம்: உதைத்தவருக்கு என்ன கூலி? காலுக்கு பூட்ஸ் உண்டா? தொட்டிக்குப் பக்கத்தில் குளிக்க நல்ல தண்ணீர் உண்டா? பதில் வராவிட்டால் அங்கே வாங்க வேண்டாம். திண்டிவனத்துக்கு நான் போன் செய்கிறேன். யாராவது நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். என் ஷிஃப்ட் இரவு 10 மணிக்குத்தான் முடியும்.